மொட்டைமாடிச் சாவி

எங்கள் வீட்டுக்காரம்மா கனகலட்சுமியின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதில் மொட்டைமாடிச் சாவியை மட்டும் எனக்கு இருட்டில்கூட அடையாளம் தெரியும். பித்தளைச் சாவி, தலையில் சிவப்பு நூல் கட்டியிருப்பார். தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் அவர் மேலே, நாங்கள் கீழே. பிள்ளையின் யூனிஃபார்மைத் துவைத்துக் காயப்போட வேண்டும் என்றால் நான் அவர் வாசலில் போய் நின்று, "அக்கா, மாடிச் சாவி" என்று கேட்க வேண்டும்.

"எத்தன துணி?" என்பார்.

எண்ணிச் சொல்ல வேண்டும். அடுத்து, "செருப்பக் கழட்டிட்டு ஏறு. ஒரு கொடிதான் ஒனக்கு. சத்தம் போடாம எறங்கிரணும்" என்பார். சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கிட்னியையே கழற்றிக் கொடுப்பது மாதிரி இருக்கும். பாதி நாள் இந்த விசாரணைக்குப் பயந்து யூனிஃபார்மை ஃபேனுக்கு அடியில் காயவைத்து, ஈர வாடையோடேயே பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களில் பாத்திரக்கடையில் பில் போடுகிற என் கை, வாடிக்கையாளர்களின் கேரி பேக்கைக் கோபத்தோடுதான் நீட்டும். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

ஆகவே சொந்த வீடு என்றால் ஊரில் எல்லாரும் சமையலறை, பூஜையறை, கார் நிறுத்த இடம் என்று யோசிப்பார்கள். எனக்கு ஒரே ஆசைதான். ஒரு மொட்டைமாடி. அதற்கு ஒரு பூட்டு. அந்தச் சாவி என் இடுப்பில்.

ஐப்பசியில் கனகலட்சுமியே அதற்கு வழி செய்தார். "பெங்களூருலருந்து எம் மகன் வந்துர்றான். தைக்குள்ள காலி பண்ணிருங்க" என்றார். என் வீட்டுக்காரர் செல்வக்குமார் டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் இரண்டு சம்பளத்தையும் பார்த்துவிட்டு வங்கியில் ஒரு தொகை கடன் தருவதாகச் சொன்னார்கள். கையில் சீட்டு எடுத்த பணம் கொஞ்சம். அதற்கு மேல் ஒற்றை ரூபாய் கிடையாது. அந்தப் பணத்துக்குள் தைக்குள் ஒரு வீடு பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கனகலட்சுமியிடம் போய்ச் சேர வேண்டும்.

வீடு வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்த அன்றைக்கே சமயநல்லூரில் இருந்து மலையாண்டி மாமா பஸ் ஏறிவிட்டார். என் மாமனாரின் தம்பி. அவர் வாழ்நாளில் ஒரு வீடும் வாங்கியதில்லை. அதனால்தான் வீடு வாங்குவதைப் பற்றி அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

"புதுசா வெள்ளையடிச்ச செவத்த நம்பாத ஆத்தா. எதையோ மறைக்கிறதுக்குத்தான் அடிச்சிருப்பான். புரோக்கர் கூட்டிட்டுப் போற நேரத்துக்குப் போயிட்டு அதோட விட்டுறாத, மறுநா நீயா ஒரு நேரத்துக்குப் போ. தாய்ப்பத்திரத்தக் கண்ணால பாக்காம அட்வான்ஸ் குடுக்காத. வில்லங்கத்தப் பழசு வரைக்கும் போட்டுப் பாரு. அம்புட்டையும் பாத்துட்டு, தெருமுக்கு டீக்கடைல போயி ஒக்காரு. பத்திரத்துல இல்லாதது அங்கதான் இருக்கும்."

அவர் சொல்வதெல்லாம் சரியாகவே இருப்பதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். ஒத்தக்கடையில் ஒரு வீடு. புத்தம் புதுசு, டைல்ஸ் பளபள என்று இருந்தது. நான் மனதுக்குள் துணி காயப்போட்டே முடித்துவிட்டேன். மாமா சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து, "ஒரு மழ பெய்யட்டும்" என்றார். பெய்தது. போய்ப் பார்த்தால் தெருவில் பிள்ளைகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்மாய்க்குள் பிளாட் போட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. ஒரு வீட்டில் பாதை பக்கத்துக்காரன் இடத்தில் போகிறது என்றார். ஒரு வீட்டில் போர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சோறு வேகாது என்றார். இன்னொரு வீட்டில் எதுவுமே சொல்லவில்லை, 'ம்ஹூம்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்துவிட்டது. கனகலட்சுமி தினமும் காலையில் கோலம் போடும்போது, "என்ன சுப்பு, அமைஞ்சுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அப்போதுதான் புரோக்கர் உபைதுல்லா பாய் போன் போட்டார். "தங்கச்சி, அவனியாபுரத்துல ஒரு வீடு. சின்னதுதான். பேப்பர் எல்லாம் சுத்தம், அல்லா மேல ஆணையா. ஓனர் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி."

நானும் என் வீட்டுக்காரரும் முதலில் போய்ப் பார்த்தோம். ரெண்டு ரூம், ஒரு ஹால், நான் நின்று திரும்புகிற அளவுக்கு ஒரு சமையலறை. ஹாலுக்குள்ளேயே மாடிப்படி. மேலே போனேன். அகலமான மொட்டைமாடி, வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கீழே வந்து முகத்தைச் சுளித்து வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு.

ஓனர் பெயர் பேயாண்டி. அந்தத் தெருவிலேயே லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையைப் பெரிசாக்கி பைபாஸ் பக்கம் கொண்டுபோய், அங்கேயே வீடும் கட்டிவிட்டார். அவர் சொன்ன விலை எங்கள் தொகைக்கு எட்டவே முடியாத உயரத்தில் இல்லை. கொஞ்சம் குறை சொன்னால் கீழே இறங்கி வரும். குறை சொல்வதற்கென்றே பிறந்த ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறாரே.

மறுவாரம் நானும் என் வீட்டுக்காரரும் மாமாவைக் கூட்டிப் போனோம். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். "மாமா, இந்த வீடு எனக்கு வேணும். பேப்பரெல்லாம் பாத்தாச்சு, டீக்கடையும் பாத்தாச்சு. நீங்க வெலையக் கொறைக்க மட்டும்தான் வர்றீக. வாயில ஒரு நல்ல வார்த்தை வரக் கூடாது."

"எனக்கே சொல்லித் தாரியா?" என்று சிரித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, கீழ்தளத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "ஓதம் ஏறியிருக்கே" என்றார். "இந்த ஜன்னல்ல காத்து வராது, கொசுதேன் வரும்" என்றார். சமையலறையில் நின்று, "இங்க ஆளு சமைக்குமா, இல்ல கோழியா?" என்று கேட்டார். பேயாண்டி அண்ணனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. உபைதுல்லா பாய் எனக்குக் கண்ணைக் காட்டினார். விலை இறங்கிக்கொண்டிருந்தது, என் கண்ணுக்குத் தெரிந்தது.

"சரி, மாடியையும் பாத்துருவோம்" என்று மாமா ஏறினார். நாங்கள் எல்லாரும் பின்னால் ஏறினோம்.

மாமா கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். தட்டுவதற்கு மடக்கிய விரல் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏப்பா," குரலே மாறியிருந்தது. "பொங்கலன்னைக்கு மாடு எந்தப் பக்கமா வரும்?"

"வாடிவாசல் அந்தா தெரியுதுல்ல. அங்கிட்டு அவுத்துவிட்டா, புடிபடாத மாடு அம்புட்டும் இந்தா, நம்ம காலுக்குக் கீழதேன் ஓடும்" என்றார் பேயாண்டி.

நான் மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவருக்கு உறைக்கவில்லை.

"யோவ்! இத எதுக்குய்யா விக்கிற? கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? இந்த மாடிக்கு என்ன வெல கேட்டாலும் குடுக்கலாம்யா! குமாரு, வாங்குறா! கண்ண மூடிக்கிட்டு வாங்குறா!"

உபைதுல்லா பாய் தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து நின்ற பேயாண்டி அண்ணன், கீழே இறங்கும்போது முன்னால் சொன்ன விலையைவிட அதிகமாக ஒரு விலை சொன்னார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நான் மாமாவிடம் பேசவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை குறை கண்டுபிடித்த மனுசன்! மாட்டைக் காட்டியதும் மானம் மரியாதை எல்லாம் காற்றில் விட்டுவிட்டார். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. டிரைவரிடம், "எங்க மருமக அவனியாபுரத்துல வீடு வாங்குது, மாடில இருந்தே மாடு பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து பாய் எங்கள் கடைக்கே வந்தார். "தங்கச்சி, ஒரு விசயம் சொல்றேன். ஒங்களுக்கு முன்னாடியும் பார்ட்டிக வந்தாங்க. கேட்ட வெலையக் குடுக்குறேன்னு சொன்ன பார்ட்டிகிட்டயும் கடைசி நேரத்துல ஏதாச்சும் சண்டையப் போட்டு அனுப்பிருவாரு அந்த ஆளு. எனக்கே வெறுத்துப் போச்சு."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. கேட்ட விலை கிடைத்தும் விற்காதவனுக்கு விலை பிரச்சினை இல்லை. மாமா மாடியில் நின்றபோது அந்தப் பேயாண்டி அண்ணனும் அதே மாதிரிதான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் முகமும் ஒரே முகம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். பேயாண்டி அண்ணன் காலி வீட்டில், ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பைபாஸ் வீட்டு மாடில இருந்து மாடு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "லாரிதேன் தெரியும்" என்றார்.

"பொங்கலன்னைக்குக் காலைல ஒங்க சனத்தக் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. அன்னைக்கு மட்டும் இந்த மாடி ஒங்களுக்கு. வருசா வருசம். நாங்க கட்டுற வெல இம்புட்டுத்தான், அதுக்கு மேல வங்கியில தர மாட்டாங்க. யோசிங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவரும் மலையாண்டி மாமாவின் அண்ணன் மகன்தானே.

பேயாண்டி அண்ணன் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். "வாங்குன பெறகு மாத்திப் பேசிட்டா?" என்றார். இப்படி ஒரு நாளைப் பத்திரத்தில் எழுதலாமா என்று அவர் முன்னாலேயே கேட்டுப் பார்த்ததற்குப் பத்திரம் எழுதுகிறவர் சிரித்துவிட்டாராம். அதனால் அவர் சட்டைப்பையில் இருந்து சூடத்தை எடுத்தார். சட்டைப்பையில் சூடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுசன்! இப்படி யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ. கீழே வைத்துக் கொளுத்தினார். நான் உள்ளங்கையால் அணைத்து, "பொங்கலன்னைக்குக் காலைல மாடி ஒங்களுக்கு" என்று சத்தியம் செய்தேன். கை சுட்டது. விலை எங்கள் தொகைக்குள் இறங்கி வந்து நின்றது.

மார்கழி முடிவதற்குள் பத்திரம் பதிந்துவிட்டோம். மார்கழியில் குடிபோகக் கூடாது என்பதால் தையில்தான் பால் காய்ச்ச வேண்டும். தை முதல் தேதியே பொங்கல். அன்று விடியற்காலையில் பால் காய்ச்சி, அதே அடுப்பில் பொங்கலும் வைப்பதாக முடிவு செய்தோம். மாமாவுக்கும் சொல்லி அனுப்பினோம். சத்தியம் செய்ததை மட்டும் சொல்லவில்லை. ஆனால் பாய் சொல்லிவிட்டார்.

மாமா போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "ஏத்தா, மாடி இருக்குன்னுதான வீட்டையே வாங்கச் சொன்னேன்! அந்த ஒரு நாள வித்துட்டு மிச்ச நாள வச்சு என்னாத்தா பண்ணுவ?"

"துணி காயப்போடுவேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

பொங்கலன்று பால் பொங்கி, சோறு பொங்கி, ஒரு கரும்பைக்கூட இன்னும் உடைக்கவில்லை, வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. பேயாண்டி அண்ணனின் சனம் இறங்க ஆரம்பித்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வேட்டி, பட்டுப்பாவாடை, ஒரு மிக்சர் மூட்டை. எல்லாரும் என் புது ஹாலில் வந்து நிறைந்தார்கள்.

அடுத்து ஒரு ஆட்டோ. மலையாண்டி மாமா. கோபித்துக்கொண்டு போனை வைத்தவர் சமயநல்லூரில் இருந்து பங்காளி, சம்பந்தி எல்லாரையும் திரட்டிக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரம் நின்றார். சுவரைத் தட்டக்கூட இல்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அதற்கும் பின்னால் ஒரு கார். பெங்களூர் மகனோடும் மருமகளோடும் கனகலட்சுமி இறங்கினார். "பால் காய்ச்சுறதுக்குக் கூப்பிடாம இருந்தா நாங்க வர மாட்டமா? மருமக ஜல்லிக்கட்டே பாத்ததில்லையாம்" என்று சிரித்தார். எத்தனை வருசக் கனவு! அவர் என் வாசலில் நிற்கிறார், சாவி என் இடுப்பில். நானும் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன். ஆனால் 'வா' என்று சொல்லவும் 'வராதே' என்று சொல்லவும் அன்றைக்கு மாடி என்னுடையதாக இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"தங்கச்சி, சாவி" என்று பேயாண்டி அண்ணன் கையை நீட்டினார்.

சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராகப் போய் முதல் படியில் நின்றுகொண்டேன்.

"ஏன் மறிக்கிற?"

"மறிக்கல அண்ணே. சூடத்த அணைச்சு சொல்லியிருக்கேன், மாடி இன்னைக்கு ஒங்களுதுதான். தாராளமா போங்க. ஆனா படி என்னுதுல்ல? படியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

வெளியே மைக்கில் மாட்டுக்காரர் பேரை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"இப்ப என்னாங்கிற?"

"ஒங்க ஆளு ஒண்ணு ஏறுனா, எங்க ஆளு ஒண்ணு ஏறும். இதுக்குச் சம்மதம்னா படி தொறந்துரும்."

பேயாண்டி அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு மலையாண்டி மாமாவைப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, மிக்சர் மூட்டை குலுங்கியது. "வீட்ட நான் ஒன்கிட்ட வித்தேனா, இல்ல நீ என்னைய வாங்குனியா? வாங்கண்ணே, நீங்க மொதல்ல ஏறுங்க!"

மாமா ஓடி வந்தார். என்னைக் கடக்கும்போது நின்று, "நான் புடிச்சுக் குடுத்த வீடுல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினார். ஒன்றுக்கு ஒன்று என்பது அதோடு சரி, அதற்கப்புறம் யார் ஆள் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. மொத்தச் சனமும் என்னை இடித்துக்கொண்டு மேலே போனது.

கடைசியில் கனகலட்சுமி மட்டும் கீழே நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். நான் சொல்லவேயில்லை, அவராகவே கழற்றியிருந்தார்.

"நானும் ஏறலாமா சுப்பு?"

பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா? "எத்தன பேருக்கா?" என்றேன். "சத்தம் போடாம ஏறணும். பாத்ததும் எறங்கிரணும்." ஒவ்வொரு வார்த்தையும் வெல்லமாக இனித்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மூன்றாவது தலையாட்டலில் எனக்கு உள்ளே சுருக்கென்றது. அவர் வாசலில் நானும் இப்படித்தானே தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஆளாக நான் ஆவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்திருக்கிறது. "செருப்ப அந்தாப் போட்டுட்டு வாங்கக்கா" என்று அவர் கையைப் பிடித்து மேலே தள்ளிவிட்டேன். கோபம் முழுசாகப் போனது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் பலமாகத்தான் தள்ளினேன்.

பின்னாலேயே நானும் ஏறினேன். ஏறிப் பார்த்தால், என் மாடியில் எனக்குக் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் முதுகு. கைப்பிடிச் சுவரோரம் மாமாவும் பேயாண்டி அண்ணனும் தோளில் தோள் போட்டு நின்று மாட்டுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா நடுவில் திரும்பி பெங்களூர் மகனிடம், "வீடு வாங்குறதுன்னா மொதல்ல மாடில ஏறிப் பாக்கணும் தம்பி. செவரு கெடக்குது செவரு" என்றார். அவன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் மேல்படியில் உட்கார்ந்தேன். ஒரு மாடும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்து வந்து மோதியது. கூட்டத்துக்கு நடுவே கொடியில் என் பிள்ளையின் யூனிஃபார்ம் தெரிந்தது, அன்று விடியற்காலையில் நான் முதன்முதலாகக் காயப்போட்டது. யாரோ அதில் மிக்சர் கையைத் துடைத்திருந்தார்கள். நாளைக்குத் திரும்பத் துவைக்க வேண்டும்.

துவைப்பேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.